ஒரு சென்டிமீட்டரும் 231 ஆண்டுகளும்

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் உட்கூடு ஒன்று, எதனுடைய துணையும் இல்லாமல், நரம்பிழையின் உட்பொருளுக்குள் தானாகவே அலைந்து பரவிச் செல்வதாக வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு 231 ஆண்டுகள் பிடிக்கும். ஜெர்மானிய செல் உயிரியலாளர் பியாட்டே சோடைக் 2000-ஆம் ஆண்டில் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில் உள்ள கணக்கு இது. உண்மையில் அதே தூரத்தை அந்த வைரஸ் சில மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. எப்படிக் கடக்கிறது, கடந்துபோய் செல்லின் உட்கருவுக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதப்போகிறேன்.

உதட்டோரத்திலோ மூக்குக்கு அடியிலோ கொத்தாக எழும்பி, சில நாள் எரிச்சல் தந்து, பொருக்குத் தட்டி உதிர்ந்துவிடும் சிறு நீர்க்கொப்புளங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். காய்ச்சல் அடித்து ஓய்ந்த பிறகும், தூக்கம் கெட்ட தேர்வுக் காலத்திலும், முன்பு வந்த அதே இடத்தில் அவை மறுபடியும் வரும். அதற்குக் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் முதல் வகை. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலோருக்கு அது உடலில் இருப்பதே தெரியாது.

இந்த வைரஸை வெளியிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டு போனால், முதலில் கொழுப்பாலான ஓர் உறையும் அதில் துருத்தி நிற்கும் புரதங்களும் வரும். அதற்கு உட்புறத்தில் டெகுமென்ட் எனப்படும் புரத அடுக்கு. அதற்கும் உள்ளே, 125 நானோமீட்டர் விட்டமும் இருபது முகங்களும் கொண்ட கேப்சிட் என்ற கடினமான கூடு. கூட்டுக்குள் ஏறத்தாழ 1,52,000 கார இணைகள் கொண்ட டி.என்.ஏ. அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அதை நீட்டிப் பிடித்தால் 50 மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல் வரும், அதாவது தன்னை அடைத்திருக்கும் கூட்டின் விட்டத்தைப் போல 400 மடங்கு. இவ்வளவு சொல்லியும், நகர்வதற்கான ஓர் உறுப்பைப் பற்றியோ அதற்கு வேண்டிய ஆற்றலைப் பற்றியோ நான் எதுவும் சொல்லவில்லை. வைரஸின் மரபணுக்களில் அப்படி ஒன்றைச் செய்வதற்கான குறிப்பே கிடையாது. வாளேந்திய படைவீரனைப் போல வைரஸை வரைந்து காட்டும் படங்கள் எனக்கு ஒப்பாமல் போவதற்கு இதுவே முதற்காரணம். அந்தப் படங்களில் வைரஸ் பாய்ந்து வருகிறது. செல்லுக்குள் நடப்பதைப் பார்த்தால், அதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

உட்கரு வரை அது போயாக வேண்டிய கட்டாயம் என்ன என்று கேட்கலாம். பெரியம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தவை, உட்கருவுக்கு வெளியே செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசத்திலேயே தங்கி, தங்களுக்கு வேண்டிய நொதிகளைக் கையோடு கொண்டுவந்து, அங்கேயே பெருகிக்கொள்கின்றன. ஹெர்பிஸுக்கு அந்த வசதி இல்லை. அதன் மரபணுக்களைப் படித்து ஆர்.என்.ஏ.வாக மாற்றும் நொதி நம்முடையது. அது உட்கருவுக்குள்தான் இருக்கிறது. ஆகவே டி.என்.ஏ. உட்கருவுக்குள் போய்ச் சேராவிட்டால் தொற்று அதோடு முடிந்தது.

செல்லுக்குள் நுழைவது இந்தப் பயணத்தில் எளிமையான பகுதி என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறைப் புரதங்கள் செல்லின் மேற்பரப்பிலுள்ள நெக்டின் போன்ற ஏற்பிகளைப் பற்றுகின்றன. வைரஸின் உறையும் செல்லின் சவ்வும் ஒன்றோடொன்று இணைகின்றன. கேப்சிட்டும் டெகுமென்ட்டும் உள்ளே இறங்குகின்றன. இனிமேல்தான் சிக்கல். சைட்டோபிளாசத்தைத் தண்ணீர் நிரம்பிய பையாக எண்ணிக்கொள்வது தவறு. புரத இழைகளும், சவ்வுப் பைகளும், ரைபோசோம்களும் நெருக்கியடித்துக் கிடக்கும் இடம் அது. சிறு மூலக்கூறுகள் இடுக்குகளில் புகுந்து போய்விடும். நூறு நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒரு பொருள் சிக்கிக்கொள்ளும். இதோடு, தானாகப் பரவும் பொருள் இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரமும், பத்து மடங்கு தூரம் போக நூறு மடங்கு நேரமும் தேவைப்படும் என்ற விதியும் சேர்ந்துகொள்கிறது. சோடைக்கின் கணக்கின்படி 10 மைக்ரோமீட்டர் போக ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான். தோலின் ஒரு சிறு செல்லுக்குள் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய தாமதம். தூரத்தை ஆயிரம் மடங்காக்கி ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால், நேரம் பத்து லட்சம் மடங்காகி 231 ஆண்டுகளுக்குப் போய்விடுகிறது. உதட்டுத் தோலில் முடியும் நரம்பிழையின் உட்கருவோ, அங்கிருந்து பல சென்டிமீட்டர் தள்ளி, மண்டையோட்டின் அடிப்பகுதியில், நரம்புச் செல்களின் உடல்கள் திரண்டிருக்கும் ட்ரைஜெமினல் நரம்புமுடிச்சில் இருக்கிறது.

இதே சிக்கல் செல்லுக்கும் உண்டு. செல் அதை வைரஸ் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே தீர்த்துவைத்திருக்கிறது. டியூபுலின் என்ற புரதத்தால் கட்டப்பட்ட, 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்கள் செல் முழுவதும் நீண்டு கிடக்கின்றன. ஒவ்வொரு நுண்குழலுக்கும் நேர்முனை, எதிர்முனை என்று இரண்டு முனைகள். அதன்மேல் நடக்கும் மோட்டார் புரதங்களில் கைனசின் வகையைச் சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை நேர்முனையை நோக்கியும், டைனீன் எதிர்முனையை நோக்கியும் சுமை இழுக்கின்றன. இதற்கு எரிபொருள், செல் தன் வேலைகளுக்கு ஆற்றல் பெறும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. செல் தன் புரதங்களையும் சவ்வுப் பைகளையும் கொண்டுசெல்ல வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டில், கேப்சிட் தன்னை ஒரு சுமையாகக் காட்டிக்கொண்டு தொற்றிக்கொள்கிறது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

நுண்குழல்கள் இல்லாவிட்டால் இந்தப் பயணம் நடக்காது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதில் நம் ஊர்ச் செடி ஒன்றுக்கும் தொடர்பு உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை, ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் கம்பிப் பந்தலிட்டு வளர்க்கிறார்கள்; அதன் விதைக்கு விலை கிடைப்பது அதிலுள்ள கால்ச்சிசின் என்ற நச்சுப்பொருளுக்காக. கால்ச்சிசின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு நுண்குழல் வளர விடாமல் தடுக்கிறது. சொல்லப்போனால், டியூபுலின் என்ற புரதமே 1967-இல் கேரி போரிஸியும் எட்வின் டெய்லரும் ‘கால்ச்சிசின் எதன்மேல் ஒட்டுகிறது’ என்று தேடிப் போனபோது சிக்கியதுதான். பின்னாளில் அதே வேலையைச் செய்யும் நோகோடசோல் போன்ற செயற்கைப் பொருள்களும் ஆய்வகங்களுக்கு வந்தன. 1997-இல் சோடைக், மெலனி எபர்சோல்ட், அரி ஹெலெனியஸ் ஆகிய மூவரும் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகச் செல்களில் ஹெர்பிஸ் வைரஸை ஏற்றி, நுண்குழல்கள் உள்ள நிலையிலும் அவற்றைக் கரைத்துவிட்ட நிலையிலும் கேப்சிட்டுகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தார்கள். நுண்குழல்கள் இருந்தபோது கேப்சிட்டுகள் விரைவாக உட்கருவைச் சூழ்ந்து சேர்ந்தன; இல்லாதபோது அந்தப் போக்குவரத்து முடங்கியது. டைனீனைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள்களைச் சேர்த்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, கேப்சிட்டின் மேல் டைனீன் ஒட்டியிருந்தது.

நரம்புச் செல்லில் இந்த ஏற்பாடு வைரஸுக்கு இன்னும் தோதாக அமைந்துவிடுகிறது. நீண்ட நரம்பிழையான ஆக்ஸானில் நுண்குழல்கள் எல்லாமே ஒரே திசையில் படுத்திருக்கின்றன: நேர்முனை தோலை நோக்கி, எதிர்முனை செல்லின் உடலை நோக்கி. தோலில் நுழைந்த கேப்சிட் டைனீனைப் பற்றிக்கொண்டால் போதும், வழி தவற இடமில்லை. நொடிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் என்பது அளந்து அறியப்பட்ட வேகம். பத்தாயிரம் நொடிகளில், அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒரு சென்டிமீட்டர் கடந்தாயிற்று.

ஆனால் உயிருள்ள நரம்புச் செல்லில், ஒளிரும் புரதம் பூட்டிய கேப்சிட்டுகளைப் படம் பிடித்துப் பார்த்தவர்கள் கண்டது நேர்கோட்டு ஓட்டத்தை அல்ல. கேப்சிட் சிறிது தூரம் ஓடும்; நிற்கும்; சில சமயம் வந்த வழியே கொஞ்சம் திரும்பியும் போகும்; பிறகு மறுபடி முன்னேறும். அதன்மேல் டைனீனோடு கைனசினும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டிருப்பதால் நடக்கும் இழுபறி இது. எந்தப் பக்கம் வெல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் வைரஸுக்குப் பங்கு உண்டு. டெகுமென்ட்டின் வெளிப்பகுதி நுழைந்தவுடன் உதிர்ந்துவிட, பி.யு.எல்.36, பி.யு.எல்.37 என்ற இரண்டு புரதங்கள் மட்டும் முக்கியமாகக் கேப்சிட்டோடு ஒட்டியபடி பயணம் செய்கின்றன. முதலாவது, டைனீனையும் அதன் துணைப்புரதமான டைனாக்டினையும் பற்றுகிறது. இரண்டாவதில் ஆர்2 என்று பெயரிடப்பட்ட ஒரு சிறு பகுதியை அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கிரிகரி ஸ்மித்தின் குழுவினர் மாற்றிப் பார்த்தார்கள். அந்தக் கேப்சிட்டுகள் அசையாமல் நின்றுவிடவில்லை. முன்னும் பின்னுமாக அசைந்தன, ஆனால் நீண்ட தூரம் ஒரே திசையில் போகும் ஆற்றலை இழந்தன, நரம்புமுடிச்சை எட்டவில்லை. மோட்டாரைப் பிடித்துக்கொள்வது வேறு, அதைத் திசை பிசகாமல் ஓட வைப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் படித்ததில்லை.

டைனீன் கொண்டுபோய் விடும் இடமும் உட்கருவின் வாசல் அல்ல. எதிர்முனைகள் பலவும் உட்கருவுக்கு அருகிலுள்ள சென்ட்ரோசோம் என்ற இடத்தில் குவிந்திருக்கின்றன. அங்கே இறங்கிவிட்ட கேப்சிட், உட்கருவை அடைய எதிர்த்திசையில், அதாவது நேர்முனையை நோக்கி, கொஞ்ச தூரம் போயாக வேண்டும். அதற்குக் கைனசின் தேவை. 2021-இல் இதே குழுவினர் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்றும் வியப்பு. வைரஸ் முதலில் பெருகுவது தோலின் எபிதீலியச் செல்களில். அங்கே புதிய வைரஸ் துகள்கள் கட்டப்படும்போதே, அந்தச் செல்லின் கைனசின் மூலக்கூறுகள் சில துகளுக்குள் சேர்த்துக் கட்டப்பட்டுவிடுகின்றன. அந்தத் துகள் அடுத்து நரம்புச் செல்லுக்குள் நுழைந்து, நெடுவழி முழுவதும் டைனீனில் சவாரி செய்து, சென்ட்ரோசோமை அடைந்த பிறகு, முந்தைய செல்லிலிருந்து கொண்டுவந்த கைனசினைப் பயன்படுத்தி உட்கருவுக்குப் போகிறது. வைரஸிடம் சொந்த மோட்டார் இல்லை என்று மேலே எழுதினேன். அது சரிதான், ஆனால் ஒரு வீட்டில் எடுத்ததை அடுத்த வீட்டில் பயன்படுத்தும் அளவுக்கு அது தேர்ந்திருக்கிறது.

இப்போது உட்கரு உறை. அதில் ஆங்காங்கே உட்கருத் துளைகள் அமைந்திருக்கின்றன. துளை என்ற பெயரைக் கேட்டு வெறும் ஓட்டை என்று நினைத்துவிடக் கூடாது. ஏறத்தாழ 30 வகைகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான புரதங்கள் வளையமாகக் கூடிக் கட்டிய பெரிய அமைப்பு அது. நடுவழியில் நெளியும் புரத இழைகள் அடர்ந்து கிடக்கின்றன. மிகச் சிறிய மூலக்கூறுகள் தாமாகப் போய்வரும். பெரியவை, இம்போர்ட்டின் போன்ற துணைப்புரதத்தோடு வந்தால்தான் போகமுடியும். அப்படி வந்தாலும் ஏறத்தாழ 39 நானோமீட்டர் விட்டம் வரைதான் உள்ளே போகிறது என்று 2002-இல் நெல்லி பாந்தேயும் மைக்கேல் கானும் தங்கத் துகள்களைக் கொண்டு அளந்து காட்டினார்கள். நம் கேப்சிட்டின் விட்டம் 125 நானோமீட்டர். இவ்வளவு தூரம் வந்தும் அது உள்ளே நுழைய வழியில்லை.

ஹெர்பிஸ் செய்வது இதுதான்: கூட்டை வெளியில் நிறுத்திவிட்டு டி.என்.ஏ.வை மட்டும் உள்ளே செலுத்துகிறது. 1983-இல் சிகாகோவில் பெர்னார்ட் ராய்ஸ்மனின் குழுவினர், வெப்பநிலை உயர்ந்தால் ஒரு புரதம் செயலிழந்துபோகும் ஹெர்பிஸ் திரிபு ஒன்றை ஆராய்ந்தார்கள். 39 பாகை செல்சியஸில் வைத்தபோது கேப்சிட்டுகள் உட்கருத் துளைகள் வரை வந்து சேர்ந்தன, ஆனால் டி.என்.ஏ.வை வெளியே விடாமல் அங்கேயே குவிந்து நின்றன. வெப்பநிலையைக் குறைத்தவுடன் டி.என்.ஏ. வெளியேறியது. வாசல் வரை வருவதும் கதவைத் திறப்பதும் தனித்தனிச் செயல்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அந்தத் திரிபில் பழுதாகியிருந்தது, மேலே டைனீனைப் பற்றுவதாகச் சொன்ன அதே பி.யு.எல்.36. கேப்சிட்டின் பன்னிரண்டு முனைகளில் ஒன்றில் மட்டும் டி.என்.ஏ. போய்வருவதற்கான வாயில் இருக்கிறது. துளையைத் தொட்டு நின்றவுடன் அந்த வாயில் திறக்கிறது.

திறந்தால் டி.என்.ஏ. ஏன் வெளியே வர வேண்டும்? அடைத்து வைத்த அழுத்தம்தான் காரணம். டி.என்.ஏ. விறைப்பானது, வளைய விரும்பாதது, எதிர்மின்னேற்றம் கொண்டிருப்பதால் அதன் சுருள்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. 2013-இல் அலெக்ஸ் எவிலெவிச்சும் உடன் ஆய்வாளர்களும், வெளியிலிருந்து எவ்வளவு சவ்வூடு அழுத்தம் கொடுத்தால் டி.என்.ஏ. வெளியேறுவது நிற்கிறது என்று பார்த்து, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தார்கள். ஏறத்தாழ 18 வளிமண்டல அழுத்தம் என்று வந்தது. நம் கார் டயரில் அடிக்கும் காற்றழுத்தத்தைப் போல் சுமார் எட்டு மடங்கு. இந்த அழுத்தத்தைக் கூட்டில் ஏற்றியதும் முந்தைய செல்தான், டி.என்.ஏ.வைக் கூட்டுக்குள் திணிக்கும் நொதி அங்கே ஏ.டி.பி.யைச் செலவழித்துச் செய்த வேலை அது. வாசலில் டி.என்.ஏ. பாயத் தொடங்கும்போது வெளிப்படுவது அந்தச் சேமிப்பே. மின்னணு நுண்ணோக்கிப் படங்களில், துளைகளின் மேல் உள்ளீடற்ற கூடுகள் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

துளையின் அளவு என்ற இந்த ஒரே சிக்கலுக்கு மற்ற வைரஸ்கள் கண்டிருக்கும் விடைகள் வேறு வேறு. மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் கேப்சிட் சிறியது. முழுதாகவே துளைக்குள் போய்விடுகிறது. சளியும் கண்நோயும் தரும் அடினோவைரஸ் 90 நானோமீட்டர். அது துளையின் வெளிப்புறத்தில் ஒட்டி நின்றுகொண்டு கைனசினையும் பிடித்துக்கொள்கிறது. கைனசின் வெளிப்பக்கமாக இழுக்க, கூடு கிழிபடுகிறது, டி.என்.ஏ. விடுபடுகிறது. எச்.ஐ.வி.யின் கூம்பு வடிவக் கேப்சிட் 60 நானோமீட்டர் அகலம் என்பதால், அது சைட்டோபிளாசத்திலேயே உடைந்துவிடும் என்றுதான் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2021-இல் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள், உறைய வைத்த செல்களில் உட்கருத் துளைகளைப் படமெடுத்தபோது, துளைகளின் அகலம் 60 நானோமீட்டரைத் தாண்டியிருந்தது. உடையாத கூம்புகள் அவற்றின் நடுவே சிக்கியிருந்தன. உட்கரு உறையிலிருந்து பிரித்தெடுத்த துளைகளை அளந்தபோது அவை சுருங்கியிருந்தன என்பதே பழைய கணக்குக்குக் காரணம்.

மீண்டும் ஹெர்பிஸுக்கு வருகிறேன். டி.என்.ஏ. உட்கருவை அடைந்தவுடன் தோல் செல்லில் பெருக்கம் தொடங்குகிறது. நரம்புச் செல்லிலோ பெரும்பாலும் வைரஸ் அடங்கிவிடுகிறது. இந்த வேறுபாட்டுக்கும் பயணத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் கருதப்படுகிறது. வைரஸின் முதல் மரபணுக்களைத் தூண்டிவிடும் வி.பி.16 என்ற புரதம், நுழைந்தவுடன் உதிர்ந்துவிடும் வெளி டெகுமென்ட்டைச் சேர்ந்தது. சிறிய தோல் செல்லில் அது தனியாகவே உட்கருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நரம்பிழையின் நுனியில் உதிர்ந்தால், கேப்சிட் பல சென்டிமீட்டர் முன்னே போய்விட, அது பின்தங்கிவிடுகிறது. தூண்டுவார் இல்லாத டி.என்.ஏ.வை நரம்புச் செல் மூடி வைத்துவிடுகிறது. எலிகளின் நரம்புமுடிச்சில் இப்படி அடங்கிக் கிடந்த வைரஸை 1971-இல் ஜாக் ஸ்டீவன்ஸும் மார்ஜரி குக்கும் வெளிக்கொண்டுவந்து காட்டினார்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வைரஸ், சிறு வயதில் சின்னம்மையாக வந்துபோன பிறகு நரம்புமுடிச்சுகளில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்து நாம் அக்கி என்று சொல்லும் நோயாக எழும்புகிறது. வேளார் வீட்டில் காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அந்தக் காவி வைரஸை ஒன்றும் செய்யாது; மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போய் மாத்திரை தொடங்குவதே நல்லது. ஆனால் எழுதுபவர் விரலை ஓட்டும் அந்தப் பட்டையைப் பாருங்கள்: முதுகெலும்பின் அருகில் தொடங்கி, விலாவைச் சுற்றி வந்து, உடலின் நடுக்கோட்டைத் தாண்டாமல் நின்றுவிடும். ஒரேயொரு நரம்புமுடிச்சிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் தோலில் எங்கெங்கே முடிகின்றனவோ அந்த எல்லை அது. வைரஸ் உட்கருவிலிருந்து தோலுக்குத் திரும்பி வந்த வழி கொப்புளமாகத் தெரிகிறது.

அந்த மாத்திரை, அசைக்ளோவிரோ அதன் வழிவந்ததோ, பயணத்தைத் தொடுவதே இல்லை. வைரஸ் உட்கருவுக்குள் டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும் நேரத்தில் குறுக்கிடுவது அது. அடங்கிக் கிடப்பதை அதனால் அசைக்க முடியாது. பயணத்திலேயே கைவைக்கும் மருந்து என்று சொல்லத்தக்கது எச்.ஐ.வி.க்கு வந்திருக்கிறது. 2022-இல் ஒப்புதல் பெற்ற லெனகாபவிர், உட்கருத் துளையின் புரதங்கள் எச்.ஐ.வி. கேப்சிட்டில் வந்து பொருந்தும் அதே குழிவில் போய் அமர்ந்துகொள்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசியாகப் போட்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைத் தடுப்பு மருந்தாகப் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை என்று 2024-இல் முடிவு வெளியானது. ஹெர்பிஸில் அதற்கு இணையான முயற்சி, மேலே சொன்ன ஆர்2 பகுதி மாற்றப்பட்ட வைரஸ். தோலில் பெருகி நோய் எதிர்ப்பைத் தூண்டும், ஆனால் நரம்புமுடிச்சை எட்டாது என்பதால், அதைத் தடுப்பூசியாக்க முடியுமா என்று விலங்குகளில் சோதித்திருக்கிறார்கள்.